காருக்குத் தேய்க்கும் 'களிமண்' – நம் கடைக்காரர்கள் கவனத்துக்கு



முல்தானி மட்டி கேட்டு வருகிறவர் முகத்துக்குப் பூசத்தான் கேட்கிறார் என்று எண்ணியே இத்தனை காலம் நாம் எடுத்துக் கொடுத்து வந்தோம். இப்போது அப்படி எண்ண முடியவில்லை. "காருக்குத் தேய்க்கணும், எத்தனை பாக்கெட் வேண்டியிருக்கும்?" என்று கேட்கிறவர்கள் வந்துவிட்டார்கள். இன்னும் சிலர் சமையல் சோடாவும் வினிகரும் கேட்கிறார்கள். சிலர் எலுமிச்சை உப்பு கேட்கிறார்கள். வண்டியின் பெயிண்டில் ஒட்டிய அழுக்கைக் 'கிளே' போட்டு எடுக்க வேண்டும், அது கிடைக்காவிட்டால் வீட்டில் இருப்பதை வைத்தே எடுத்துவிடலாம் என்று யாரோ செல்போனில் சொல்லியிருக்கிறார்கள். கிளே என்றால் களிமண். மளிகைக் கடையில் கிடைக்கும் களிமண் முல்தானி மட்டி. கணக்கு இப்படித்தான் போகிறது.

கணக்கு தவறு. தவறான கணக்குக்கு வண்டிக்காரர் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. நம் மண்டியில் நெடுநாளாகச் சரக்கு எடுக்கும் ஒரு மளிகைக்கடைக்காரர், மகன் வாங்கிய வெள்ளைக் காரை ஒரு நாள் நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். பழைய கார்தான், ஆனால் நன்றாக வைத்திருந்த கார். பையன் கடையிலிருந்தே முல்தானி மட்டியை எடுத்துக் குழைத்து, முன்பக்க பானெட்டை ஒரு மணி நேரம் தேய்த்திருக்கிறான். நிழலில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் நிறுத்தியதும் பானெட் முழுக்கச் சிலந்தி வலை போல வட்டம் வட்டமாகக் கீறல். ஓட்டை உடைசல் எதுவும் இல்லாத வண்டிக்குப் பானெட் முழுவதும் திரும்பப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். திரும்பப் பெயிண்ட் அடித்த வண்டி என்றாலே அடிபட்ட வண்டி என்றுதான் அடுத்து வாங்குகிறவர் நினைப்பார். மட்டியின் விலை சில பத்து ரூபாய்.

நம்மில் பலருக்குக் கார் உண்டு. கார் இல்லாதவருக்கும் குட்டி யானையோ, லோடு ஆட்டோவோ, மூட்டை கட்டிச் செல்லும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியோ உண்டு. ஆகவே விற்கிறவர் என்ற முறையிலும் வைத்திருக்கிறவர் என்ற முறையிலும் இந்த விஷயம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்று கருதி விவரமாக எழுதுகிறோம்.

கிளே என்பது என்ன?

கார்க் கடைகளில் கிளே என்று விற்பது மண்ணே அல்ல. பிள்ளைகள் பொம்மை செய்து விளையாடும் பிசைமாவு மாதிரி இருக்கும் ஒரு செயற்கைப் பிசின் கட்டி அது. அதற்குள் மிக நுண்ணிய உராய்வுத் தூளைக் கலந்திருப்பார்கள். இதை உருவாக்கியவர் டடாவோ கொடாட்டே என்ற ஜப்பானியர். 1990களில் அவர் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பத்திரத்தில் இதற்குச் சூட்டியிருக்கும் பெயரில் களிமண் என்ற சொல்லே கிடையாது; 'வளைந்து கொடுக்கும் சாணைக்கல்' என்று பொருள்படும் பெயர்தான் இருக்கிறது. கையில் பிசையும்போது களிமண் போல இருந்ததால் ஜனங்கள் கிளே என்று சொல்ல, அதுவே வழக்காகிவிட்டது.

பெயிண்டின் மேல் சோப்புத் தண்ணீர் விட்டு, இந்தக் கட்டியை அழுத்தாமல் வழுக்கிக்கொண்டு போனால், மேலே துருத்திக்கொண்டிருக்கும் துகளை மட்டும் அது பிடித்து இழுத்துக்கொள்ளும். துகள் பிசினுக்குள் அமிழ்ந்துவிடுவதால் பெயிண்டைக் கீறுவது குறைவு. முல்தானி மட்டியில் இந்தப் பிடிக்கும் குணம் இல்லை. அது எண்ணெய்ப் பசையை உறிஞ்சும். அந்தக் காலத்தில் கம்பளி நெய்கிறவர்கள் ரோமத்தில் இருக்கும் கொழுப்பை எடுக்க இந்த வகை மண்ணைத்தான் பயன்படுத்தினார்கள். நம் கிடங்குத் தரையில் எண்ணெய் டின் உடைந்து கொட்டினால் அதன் மேல் தூவிப் பெருக்கி எடுக்க இதைவிட நல்லது கிடையாது. ஆனால் பூமியிலிருந்து வெட்டியெடுத்த எந்த மண்ணிலும் மணல் துகள் இருக்கும். எத்தனை சலித்தாலும் கொஞ்சம் தங்கும். முகத்தில் பூசிக் காயவிட்டுக் கழுவினால் பாதகமில்லை. தகட்டின் மேல் வைத்துத் தேய்த்தால் ஒவ்வொரு துகளும் ஒரு உளி.

பெயிண்டின் கனம் எவ்வளவு?

நம் மாவட்டத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலையிலிருந்து 1998 முதல் கார்கள் வெளிவருகின்றன. இன்றைய கார்த் தொழிற்சாலைகளில் தகட்டை முதலில் ரசாயனத் தொட்டியில் முக்கி, பிறகு மின்சாரம் பாய்ச்சி அடிப்பூச்சு ஏற்றி, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு என்று வரிசையாக அடிக்கிறார்கள். இத்தனையும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலே உள்ள கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். அதாவது ஒரு தலைமுடியின் கனத்தை விடக் குறைவு. வெயிலையும் மழையையும் தாங்குவது இந்த மெல்லிய பூச்சுதான். பளபளப்பும் இதனுடையதுதான். இது தேய்ந்து போனால் அடியில் உள்ள நிறம் வெளுத்து, சொறி பிடித்தது போலத் திட்டுத் திட்டாக உரியத் தொடங்கும்.

அம்பாசிடர் காலத்து வண்டிகளில் இந்த மேல்பூச்சு கிடையாது. நிறப் பெயிண்டே கனமாக இருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும், கீழே புதுப் பெயிண்ட் தெரியும். அன்றைய டிரைவர்கள் எதைப் போட்டுத் தேய்த்தும் தப்பித்தார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுதான். அந்த அனுபவத்தை இன்றைய வண்டிக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

நம் ஊரில் ஒட்டுவது என்னென்ன?

கழுவித் துடைத்த வண்டியின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். (கேரி பேக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை செய்யப்பட்டது, பருப்புப் பாக்கெட்டின் வெறும் கவர் போதும்.) வெறும் கையில் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாக நன்றாகத் தெரியும். பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் பட்டு இழையில் உள்ள சிறு முடிச்சையும் கண்ணால் பார்க்காமலே விரல் நுனியால் கண்டுபிடிப்பார்களே, அதே மாதிரிதான். கண்ணாடி போல வழுக்கினால் அந்த வண்டிக்குக் கிளேயும் வேண்டாம், அதற்கு மாற்றும் வேண்டாம். நன்றாகக் கழுவினாலே போதும். பலரும் இந்தச் சோதனையைச் செய்யாமலே தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சொரசொரப்பு இருந்தால் அது என்ன என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பட்டுத் தொழில் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு விஷயம் சுலபமாகப் புரியும். கச்சாப் பட்டு நூலின் மேல் ஒரு இயற்கைப் பசை இருக்கிறது. எடையில் ஏறக்குறைய கால் பங்கு அந்தப் பசைதான். சாயம் ஏற்றுவதற்கு முன் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி அதை நீக்குகிறார்கள். யாரும் அதைச் சுரண்டி எடுப்பதில்லை, கரைத்துத்தான் எடுக்கிறார்கள். சோடா கொஞ்சம் கூடினாலோ, கொதி நேரம் கூடினாலோ நூலே பலம் இழந்துவிடும். வண்டி விஷயமும் அதுவே. ஒட்டியிருப்பது எதில் கரையுமோ அதில் கரைத்து எடுக்க வேண்டும். கரையாமல் மிஞ்சுவதற்கு மட்டுமே கிளேயோ அதன் மாற்றோ தேவை. எல்லாவற்றையும் தேய்த்தே எடுப்பேன் என்றால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

முதலாவது தார். சாலை வேலை நடக்கும் இடங்களில் போய் வந்தால் சக்கரத்துக்கு மேலேயும் கதவின் அடியிலும் கருப்புப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். இதற்கு முன்பு மண்ணெண்ணெய் போடுவார்கள். ரேஷனில் மண்ணெண்ணெய் அருகிவிட்ட இந்நாளில் பலர் டீசலைத் தொட்டுத் துடைக்கிறார்கள். இரண்டும் தாரைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் ஜன்னல் ஓரத்து ரப்பரை உப்ப வைத்துவிடும், நெருப்பு அபாயமும் உண்டு. எந்தச் சமையல் எண்ணெயானாலும் பஞ்சில் நனைத்துப் பொட்டின் மேல் பத்து நிமிடம் ஒட்டி வைத்தால் தார் இளகிவிடும். ஒற்றி எடுத்து, திரும்ப வைத்து, மறுபடி ஒற்றி எடுக்க வேண்டும். பொறுமை வேண்டுமே தவிர பலம் வேண்டாம். முடிந்ததும் அந்த இடத்தை ஷாம்பு போட்டு எண்ணெய் போகக் கழுவிவிட வேண்டும். எண்ணெயையே வண்டி முழுக்கப் பூசி மினுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அன்று சாயங்காலம் வரை மினுக்கும். மறுநாள் ஊரில் உள்ள புழுதியெல்லாம் அதில்தான் இருக்கும்.

இரண்டாவது மரப்பிசின். வேம்பு, மா இவற்றின் நிழலில் நிறுத்தும் வண்டிகளில் பிசின் துளிகள் விழுந்து காய்ந்து கெட்டியாகிவிடும். இதற்கு ஸ்பிரிட் நல்லது. 2020இல் கொரோனா வந்தபோது கடைகளில் வாங்கி அடுக்கிய கைகழுவும் சானிடைசர் இன்னும் சிலரிடம் மிச்சம் இருக்கிறது அல்லவா, கைக்குக் காலாவதியானாலும் பிசினை இளக்க அது உதவும். துணியில் நனைத்து அரை நிமிடம் வைத்து மெதுவாக எடுக்கலாம். பட்டறையில் சமீபத்தில் பெயிண்ட் அடித்த இடத்தில் மட்டும் ஸ்பிரிட் கூடாது, புதுப் பெயிண்டும் சேர்ந்து இளகும்.

மூன்றாவது, நமக்கே உரிய தொந்தரவு: தண்ணீர்க் கறை. போர் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் கலந்திருப்பது காபிப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரில் வெயில் நேரத்தில் வண்டியைக் கழுவி அப்படியே காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வளையம் போட்டுவிட்டுப் போகும். ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் வண்டி கழுவுகிறோம் என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். சிக்கனம் நல்லதுதான், ஆனால் உப்பு எல்லாம் சேர்ந்து திரண்டிருப்பது அந்தத் தண்ணீரில்தான். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே விழுந்துவிட்ட வளையத்துக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு கரைத்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்து உடனே நல்ல தண்ணீரில் கழுவிவிடலாம். வீடு கட்டும் இடத்தில் நிறுத்தி சிமென்ட் தூசோ சுண்ணாம்புத் துளியோ விழுந்தாலும் இதே வைத்தியம். தகடு சூடாக இருக்கும்போது செய்யக் கூடாது, காயவிடவும் கூடாது. கறை பழசாகி மேல்பூச்சுக்குள் குழி பறித்துவிட்டால் வினிகருக்கு அடங்காது, அது பாலிஷ் போடுகிறவர் வேலை. கோபுரத்துப் புறாக்களின் எச்சமும் அப்படியே. அதில் உள்ள அமிலம் வெயிலில் சீக்கிரமே பெயிண்டை அரித்துவிடும். ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும், காய்ந்ததைச் சுரண்டக் கூடாது.

நான்காவது இரும்புத் தூள். இதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி. பிரேக் தேயும்போது பறக்கும் தூள், கேட் செய்கிறவர் கடையில் கிரைண்டர் ஓடும்போது பறக்கும் பொறி, ரயில் பாதையோரம் சக்கரம் உராய்ந்து வரும் தூள் எல்லாம் சூடாக வந்து பெயிண்டில் குத்திக்கொண்டு நின்றுவிடும். பிறகு மழையில் துருப்பிடித்து ஆரஞ்சு நிறப் புள்ளியாகத் தெரியும். வெள்ளை வண்டி வைத்திருப்பவர்கள் தகடே துருப்பிடித்துவிட்டது என்று பதறுவார்கள். பெரும்பாலும் அது தகட்டின் துரு அல்ல, மேலே குத்தியிருக்கும் தூளின் துரு. நம் ஊர் ரயில் பாதையை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்களும், வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்துக் கடைக்காரர்களும் தடவிப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். இதற்கு 'அயர்ன் ரிமூவர்' என்று கார்க் கடையில் ஒரு மருந்து விற்கிறது. அடித்த சில நிமிடங்களில் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக ஒழுகும். நாற்றம் சகிக்காது; அழகு நிலையத்தில் முடி சுருட்டப் போடும் மருந்தின் இனத்தைச் சேர்ந்ததுதான் இது. கையுறை போட்டுக்கொண்டு, நிழலில், காயவிடாமல் செய்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இந்த வேலைக்கு ஈடான பொருள் நம் மளிகைக் கடையில் எதுவும் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மஞ்சளும் குங்குமமும் தனி. ஆயுத பூஜைக்கும், புது வண்டிக்குப் பூஜை போடும்போதும் சந்தனம் குங்குமம் வைக்காமல் யாரும் இருக்க மாட்டோம், இருக்கவும் வேண்டியதில்லை. வெள்ளை வண்டியில் மஞ்சள் கறை பிடித்தால் அதைத் தேய்க்க வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும் தன்மை உடையது. சோப்புப் பட்டதும் சிவந்து போனால் பயப்பட வேண்டாம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமம் ஆவது போன்ற மாற்றம்தான் அது. கழுவிவிட்டு நாலைந்து நாள் வெயில் பட விட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். சாயம் கலந்த மலிவான குங்குமத்துக்கு இந்த நியாயம் செல்லாது, அது ஊறிவிட்டால் போவது கடினம். பொட்டைக் கண்ணாடியில் வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. பூசணிக்காய் உடைக்கும்போது தெறிக்கும் குங்குமத் தண்ணீரையும் அன்றைக்கே கழுவிவிட வேண்டும்.

கிளேக்கு மாற்று

இத்தனையும் செய்த பிறகும் கவர் சோதனையில் சொரசொரப்பு மிஞ்சினால், அப்போதுதான் கிளேயின் வேலை வருகிறது. கிளே கட்டியில் ஒரு பெரிய சங்கடம், கை தவறித் தரையில் விழுந்துவிட்டால் மண் ஒட்டிக்கொள்ளும், தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். வாங்கிய காசும் அதோடு போயிற்று. அதற்கு மாற்றாகக் கிளே துணி, கிளே கையுறை என்று வருகிறது. மென்மையான துணியின் ஒரு பக்கத்தில் ரப்பர் போன்ற பூச்சு இருக்கும். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. கீழே விழுந்தாலும் தண்ணீரில் அலசித் திரும்பப் பயன்படுத்தலாம், ஒன்று வாங்கினால் பல முறை வரும். கட்டியைவிட வேகமாகவும் வேலை முடியும். வீட்டில் செய்கிறவருக்கு உண்மையான மாற்று இதுதான் என்பது நம் கருத்து. ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாலும் போதும்.

செய்யும் விதம் சுலபம். காலை வெயிலுக்கு முன், தகடு குளிர்ந்திருக்கும்போது, முதலில் வண்டியைச் சுத்தமாகக் கழுவி மண் இல்லாமல் செய்துகொள்ள வேண்டும். மண்ணோடு தேய்த்தால் கிளே துணியும் உப்புத்தாள்தான். இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். புதுத் துணியை முதலில் முன்கண்ணாடியில் நாலு இழுப்பு இழுத்து அதன் முரட்டுத்தனத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டடிக்கு இரண்டடி என்று இடம் பிரித்துக்கொண்டு, ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாக விட்டு, துணியின் எடை மட்டும் தகட்டில் படும்படி நேர்கோட்டில் போய்வர வேண்டும். வட்டமாகச் சுற்றக் கூடாது. முதலில் கரகரவென்று சத்தமும் இழுவையும் இருக்கும். அது நின்று வழுக்க ஆரம்பித்ததும் அந்த இடம் முடிந்தது, அடுத்த இடத்துக்குப் போகலாம். ஒவ்வொரு இடத்துக்கும் நடுவில் துணியை அலச வேண்டும். கதவின் அடிப்பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது, அழுக்கு அங்கேதான் அதிகம். ஸ்டிக்கர் ஒட்டிய இடம், பெயிண்ட் அடிக்காத கருப்பு பம்பர், பளபளப்பு இல்லாத மேட் பெயிண்ட், பட்டறையில் பெயிண்ட் அடித்து ஒரு மாதம் கூட ஆகாத பாகம், இவற்றைத் தொட வேண்டாம்.

கிளேயோ துணியோ, எதைப் போட்டாலும் பெயிண்டின் மேல் இருந்த பழைய மெழுகும் சேர்ந்து போய்விடும். ஆகவே முடிந்ததும் கார் மெழுகு ஒரு கை பூசித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அழுக்கு முன்னைவிடச் சீக்கிரம் ஒட்டும். கருப்பு வண்டியில் இலேசான கோடுகள் தெரியலாம். பாலிஷ் போட்டால் போகும். வருஷத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை மாதத்தில் செய்வது உத்தமம். மாதாமாதம் செய்கிறவர் கிளியர் கோட்டை மாதாமாதம் தேய்க்கிறார். வெளியில் கொடுத்தால் இந்த வேலைக்கும் பாலிஷுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் கேட்கிறார்கள். கருப்பு வண்டிக்கும் விலை உயர்ந்த வண்டிக்கும் அந்தச் செலவு தகும். குட்டி யானைக்குத் தகாது. அதற்கு உப்பு மூட்டை ஏற்றிய நாளன்று தொட்டியின் மூலைகளையும் அடிப்பக்கத்தையும் தண்ணீர் பாய்ச்சி அலசுவதே மெழுகைவிட முக்கியம்.

நம் அலமாரியில் உள்ளவை

இனி கடைக்காரர் என்ற முறையில். பாத்திரம் தேய்க்கும் பவுடர், பல்பொடி, பற்பசை, விபூதி, அரப்பு, சீயக்காய் இவற்றில் எதையும் பெயிண்டில் தேய்க்க ஆகாது. குத்துவிளக்கில் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்த கைகளுக்கு இதைச் சொன்னால் நம்பிக்கை வராது. பித்தளை உலோகம், தேயத் தேயப் புது உலோகம் வரும். பெயிண்டுக்கு அடியில் புதுப் பெயிண்ட் இல்லை. சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்ப்பதும் இந்த வகையில்தான் சேரும். துணி சோடாவும் துணி துவைக்கும் பவுடரும் காரம் மிகுந்தவை. மெழுகை எடுத்துப் பெயிண்டை மங்கவைக்கும், அலுமினியப் பாகங்களைக் கருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தை ஷாம்புக்குப் பதிலாக ஒரு முறை பயன்படுத்தினால் குடி முழுகாது. வாராவாரம் கூடாது.

கழிப்பறை கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து தண்ணீர்க் கறைக்கும் அலாய் சக்கரத்துக்கும் போடலாம் என்று சொல்லும் விபரீத யோசனையும் உலவுகிறது. அந்த அமிலம் பெயிண்டையும் உலோகத்தையும் அரிப்பதோடு, கண்ணில் தெறித்தால் பார்வையையே பறிக்கும். 2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது நினைவிருக்கும்: வாங்குகிறவரின் அடையாள அட்டை பார்க்க வேண்டும், விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்குக் கொடுக்கவே கூடாது. "அண்ணாச்சி, கார் கழுவத்தான்" என்று தெரிந்த பையனே வந்து கேட்டாலும் இந்த விதி மாறாது.

கடைசியாக, எல்லாவற்றையும்விட நமக்குக் கவலை தருவது ஆக்ஸாலிக் அமிலம். துருக்கறையை எடுக்க இது நன்றாக வேலை செய்யும். சலவைக்கல் பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்துவது. வண்டியின் துருப் புள்ளிக்கும் இதைக் கேட்டு வரத் தொடங்கியிருக்கிறார்கள். பார்ப்பதற்கு வெள்ளைப் படிகம், எலுமிச்சை உப்பு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். எலுமிச்சை உப்பு சாப்பிடும் பொருள், ஆக்ஸாலிக் விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் கடைகளில் இரண்டையும் ஒரே மாதிரிச் சிறு பொட்டலமாகக் கட்டி ஒரே தட்டில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே மாற்றிவிட வேண்டும். மளிகை விற்கும் இடத்தில் ஆக்ஸாலிக் வைக்காமலே இருப்பது நல்லது. கேட்டு வருபவரைப் பெயிண்ட் கடைக்கு அனுப்பிவிடலாம், அந்த ஐந்து ரூபாய் லாபம் நமக்கு வேண்டாம். ஹார்டுவேரும் சேர்த்து நடத்துகிறவர்கள் வைத்தே ஆக வேண்டும் என்றால் உப்பு, சர்க்கரை, ரவை, சோடா எதற்கும் பக்கத்தில் இல்லாமல் தனி அலமாரியில், மூடியிட்ட டப்பாவில், தனிக் கரண்டியோடு வையுங்கள். கம்பெனி அட்டையோடு வந்த பாக்கெட்டை அப்படியே விற்கலாமே தவிரப் பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்க வேண்டாம். அந்தத் தராசுத் தட்டில் வேறு சரக்கும் நிறுக்க வேண்டாம். கடையில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு அந்த டப்பாவைக் காட்டி, இது என்ன என்று வாயால் சொல்லியும் வைக்க வேண்டும். பெயர் எழுதி ஒட்டியிருக்கிறோம் என்று இருந்துவிடக் கூடாது, அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.